"அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னு இனிமே சொல்லாதீங்க

செப்டம்பர் அரையாண்டுக் கணக்கு முடிப்பு, அது முடிந்த கையோடு இன்ஸ்பெக்‌ஷன் என்று ஓடிக்கொண்டிருந்ததில் இந்தப் பக்கம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் வந்திருக்க மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை மயூர் விஹாரில் ஒரு சீமந்தத்துக்குப் போன இடத்தில் நம்ம ஊர்க்காரர்கள் நாலு பேர் ஒரே வாக்கியத்தை நாலு விதமாகச் சொன்னார்கள். அந்த வாக்கியத்தின் மேல் வந்த கோபம்தான் இந்தப் பதிவு.

"புது இடம், புது வேலை... கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க சார்."

யாரை? என் அக்கா மகளை.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. அக்கா மகள் திருவாரூர் பக்கம் பி.எஸ்சி. முடித்து, இரண்டு வருஷம் டி.எல்.எட். படித்து, டெட் தேர்வும் எழுதித் தேறியவள். இந்த ஜூலையில் தில்லிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வேலை கிடைத்தது. பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். தில்லியில் பாதிப் பள்ளிகளில் இதுதான் கதை என்பதால் பெயர் சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

வேலையின் பெயர் 'கோ-டீச்சர்'. அதாவது ஒரு வகுப்பறை, 43 பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். ஒருவர் 19 வருஷம் அனுபவமுள்ள சீனியர் மேடம். இன்னொருவர் இவள். இதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. புதுசாக வந்த பெண்ணைத் தனியாக வகுப்பில் தள்ளாமல் பெரியவர் ஒருவர் கூட இருக்கிறாரே என்று. பி.காம். படித்தவனுக்கு வகுப்பறையைப் பற்றி என்ன தெரியும், சொல்லுங்கள் :-)

முதல் நாளே கோணல். பிரின்சிபல் வகுப்புக்கு வந்து, "யே நயீ மேம் ஹைன், மேம் கி ஹெல்ப் கரேங்கி" என்று அறிமுகப்படுத்தினாராம். 'உதவி பண்ண வந்திருக்கிறார்.' அந்த ஒரு வரியில் 43 பிள்ளைகளும் கணக்குப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து பெரிய மேம், சின்ன மேம்.

இந்தி வேறு. நம் எல்லாரையும் போலவே இவளுக்கும் இந்தியில் ஆண்பால் பெண்பால் தகராறு. "பென்சில் டூட் கயா" என்றால் பின்பெஞ்சிலிருந்து கோரஸாக "டூட் கயீ!" சிரிப்பு. அதைக்கூட அவள் ரசித்துக்கொண்டாள். பிரச்சினை அது இல்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் கடன் வாங்கிக் கழித்தல் நடத்திக்கொண்டிருந்திருக்கிறாள். பத்துப் பத்தாகக் கட்டிய ஐஸ் குச்சிகளை வைத்து, ஒரு கட்டை அவிழ்த்துப் போட்டு, அதைப் போர்டில் படமாக வரைந்து. பின்னால் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த சீனியர் மேடம் எழுந்து வந்து, "இவ்வளவு சுத்தினா சிலபஸ் எப்ப முடியும்?" என்று போர்டை அழித்துவிட்டு, நேர் வழியில் இரண்டு கணக்குப் போட்டுக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அந்த டஸ்டர் அழித்தது கணக்கை மட்டுமா? அடுத்த நாளிலிருந்து இவள் "உட்காருங்க" என்றால் பாதி வகுப்பு உட்காரவில்லை.

நியாயத்துக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பெண் மேலும் தப்பு உண்டு. சீனியர் மேடம் "இப்பத்தானே போயிட்டு வந்தே, பாத்ரூம் வேண்டாம்" என்று சொன்ன பிள்ளையை இவள் "போயிட்டு வா" என்று அனுப்பியிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அப்பா வேண்டாமென்றால் அம்மாவிடம் கேட்கும் அதே வித்தை. பெரிய மேம் மறுத்ததை எல்லாம் சின்ன மேமிடம் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் உண்மை.

அந்த வகுப்பில் ஒரு பையன். ஐந்து நிமிஷம் உட்கார முடியாது. பென்சில் பாக்ஸ் பறக்கும். மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அவனுக்கு என்ன என்று நான் பெயர் வைக்கப்போவதில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் பரிசோதித்துப் பார்க்கும் மருத்துவர். சீனியர் மேடத்தின் வழி, அவனை வராந்தாவில் நிறுத்துவது. இவள் வழி, போய்க் கூட்டி வருவது. ஒரு நாள் மேடம் வகுப்புக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்: "அப்படின்னா அவனை நீயே பாத்துக்கோ." அன்றிலிருந்து 42 பேர் வகுப்பின் பிள்ளைகள். அவன் ஒருத்தன் மட்டும் சின்ன மேமின் பிள்ளை.

இங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். முப்பது நாற்பது பேர் வேலை பார்க்கும் ஆபீசில் இருபது வருஷம் குப்பை கொட்டிய பெரிய மனுஷன் இல்லையா? "எதுவா இருந்தாலும் எழுத்துல போடு. பிரின்சிபலுக்கு மெயில் அனுப்பு, கோஆர்டினேட்டருக்குக் காப்பி போடு" என்றேன். வார்த்தைக்கு வார்த்தை நானே எழுதியும் கொடுத்தேன். என் சர்வீஸில் நான் கொடுத்த மகா மட்டமான ஆலோசனை அது. பிரின்சிபல் அந்த மெயிலைப் படித்தாரோ இல்லையோ, அப்படியே சீனியர் மேடத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். அதன் பிறகு அந்த அறையில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. "அந்த மேமிடம் சொல்லு", "இந்த மேமிடம் கேளு" என்று எட்டு வயதுப் பிள்ளைகளைத் தூது அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பரில் ஒரு நாள் அந்தப் பையனைக் காணவில்லை.

விளையாட்டு பீரியட் முடிந்து வகுப்பு திரும்பும்போது. சீனியர் மேடம், அவன் இவளோடு வருகிறான் என்று நினைத்தார். இவள், முதல் வரிசையோடு மேடத்தின் கூடப் போய்விட்டான் என்று நினைத்தாள். பேச்சு இருந்திருந்தால் ஒரே ஒரு கேள்வியில் தீர்ந்திருக்கும். பேச்சு இல்லை. கிட்டத்தட்ட 25 நிமிஷம் கழித்து, ஸ்கூல் பஸ்கள் நிறுத்தும் இடத்தில், ஒரு பஸ்ஸின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கல் அடுக்கிக்கொண்டிருந்தான். பார்த்தது ஒரு டிரைவர். வண்டியை எடுப்பதற்கு முன்னால் பின்னால் போய்ப் பார்க்கும் பழக்கமுள்ள ஒரு நல்ல மனுஷன். அவ்வளவுதான் அந்தப் பிள்ளைக்கு இருந்த பாதுகாப்பு.

மறுநாள் மெமோ வந்தது. யாருக்கு? வேறு யாருக்கு! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். 48 மணி நேரத்தில் விளக்கம் கேட்டு எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதபோது சொந்தபந்தமெல்லாம் போனில் வந்தார்கள். அக்கா: "பெரியவங்கதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா." அத்தான்: "பேசாம வேலையை விட்டுட்டு வா, வரன் பாத்துட்டு இருக்கோம்." இங்குள்ள நண்பர்கள்: "மதராசின்னா இப்படித்தான் சார் ஏறி மிதிப்பாங்க."

மூன்றுமே தப்பு. மூன்றுமே அந்தப் பையனை அந்தப் பஸ் சக்கரத்துக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போகும் யோசனைகள்.

கடைசியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 'மதராசி' கதை. நானும் இருபது வருஷத்தில் அந்த வார்த்தையைக் கேட்டவன்தான். இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விசாரித்ததில், போன வருஷம் அதே வகுப்பில், அதே மேடத்தின் கூட இருந்த கோ-டீச்சர் ஒரு பஞ்சாபிப் பெண். நாலு மாதத்தில் ஓடிவிட்டாள். அதற்கு முன்னால் இருந்தவள் தில்லிக்காரியே. அவளும் ஒரு வருஷம் தாண்டவில்லை. மூன்று ஊர்ப் பெண்களுக்கும் ஒரே வியாதி என்றால் கோளாறு ஊரில் இல்லை, ஏற்பாட்டில். எதைக் கண்டாலும் வடக்கு தெற்கு என்று முடித்துவிடுவது நமக்குச் சுகமாக இருக்கிறது. ஏனென்றால் அதற்கப்புறம் யாரும் எதையும் சரிசெய்ய வேண்டியதில்லை.

'வேலையை விட்டுட்டு வா' பற்றி என்ன சொல்ல. பையனாக இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பார்களா என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்கிறேன். அத்தான் இதைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' இருக்கிறதே, அதுதான் பெரிய விஷம். வெளியூருக்குப் பிழைக்க வந்த நமக்கு அது குலதெய்வ மந்திரம் மாதிரி. வீட்டுக்காரரிடம் அட்ஜஸ்ட், ஆபீசில் அட்ஜஸ்ட், டிரான்ஸ்ஃபர் வந்தால் அட்ஜஸ்ட். நம் வரைக்கும் சரி, நம் கஷ்டம் நம்மோடு. வகுப்பறையில் அட்ஜஸ்ட் பண்ணினால் விலை கொடுப்பது யார்? அந்த 43 பேர். சின்ன மேம் வாயை மூடிக்கொண்டு ஒரு மூலையில் நின்றால் வகுப்பில் சண்டை இருக்காது, வாஸ்தவம். ஒரு ஆசிரியையும் இருக்க மாட்டார்.

எங்கள் பேங்கில் பணப்பெட்டகம் இருக்கிறது. அதற்கு இரண்டு சாவி. ஒன்று கேஷ் பார்ப்பவரிடம், இன்னொன்று ஒரு ஆபீசரிடம். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. அவர்கள் இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. என் பழைய பிராஞ்ச் ஒன்றில் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் முகம் கொடுத்துப் பேச்சே கிடையாது. ஆனாலும் பெட்டகம் தினமும் நேரத்துக்குத் திறந்தது, நேரத்துக்கு மூடியது, ஒரு ரூபாய் குறைந்ததில்லை. எப்படி? எந்தச் சாவி யாரிடம் என்பதற்கு ரிஜிஸ்டர். ஒருவர் லீவில் போனால் சாவி யார் கைக்குப் போனது என்பதற்குக் கையெழுத்து. பணம் கைமாறினால் எண்ணி வாங்கு. கம்ப்யூட்டரில் ஒருவர் பதிவு போட்டால் இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும். தான் போட்டதைத் தானே அனுமதிக்க முடியாது. யாரும் யாரையும் சந்தேகப்படுவதற்காக இல்லை. மனுஷன் என்றால் கோபம் வரும், மறதி வரும், அப்போதும் வேலை நடக்க வேண்டும் என்பதற்காக.

காகிதத்துக்கு இவ்வளவு ஜாக்கிரதை. பிள்ளைகளுக்கு? ஒரு அறையில் இரண்டு பேரைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு, 'நல்லபடியாப் பாத்துக்கோங்க' என்பது. எந்த பீரியட் யார் நடத்துவது, யார் சொல்வது கடைசி வார்த்தை, ஓடுகிற பிள்ளை யார் கையில்... ஒரு வரி எழுத்தில் கிடையாது. இரண்டு பேர் பொறுப்பு என்று பொதுவாகச் சொன்னால் யாருமே பொறுப்பில்லை என்று அர்த்தம். இது எங்கள் பேங்கில் நேற்றுச் சேர்ந்த கிளார்க்குக்கும் தெரியும்.

பள்ளி நிர்வாகங்கள் ஏன் எழுதுவதில்லை? என் சந்தேகத்தைச் சொல்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 1 முதல் 5 வரை வகுப்புகளுக்கு 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஒரு அறையில் 43 பேர் இருந்தாலும், 'இரண்டு டீச்சர் போட்டிருக்கிறோம்' என்றால் வகுத்துப் பார்க்கையில் 22 கூட வராது. கணக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! காமர்ஸ் படித்தவனுக்கு இந்த மாதிரி அழகான கணக்கைப் பார்த்தாலே கொஞ்சம் அரிக்கும். அந்த இரண்டாவது டீச்சர் நோட்டுத் திருத்தவும், சுவரில் சார்ட் ஒட்டவும், பஸ் ட்யூட்டிக்கும், வேறு வகுப்பில் டீச்சர் வராவிட்டால் 'அரேஞ்ச்மெண்ட்' பீரியடுக்கும்தான் என்றால், பேப்பரில் இரண்டு பேர், பாடத்துக்கு ஒருவர்.

அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதோடு மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. தினமும் வராந்தாவில் நிறுத்துவது எதில் சேரும் என்று நீங்களே சொல்லுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த மாதிரிப் பிள்ளைகளை மற்றவர்களோடு சேர்த்துத்தான் படிக்க வைக்க வேண்டும் என்கிறது. 2022-ல் மத்திய அரசு, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு ஆரம்ப வகுப்புகளில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் கணக்கே கொடுத்தது. இந்தப் பள்ளியில் எத்தனை பேர் தெரியுமா? மொத்தப் பள்ளிக்கும் ஒரே ஒருவர். அவர் இந்தப் பையனைப் பார்க்க அக்டோபர் வரை நேரம் கிடைக்கவில்லை. ஆக, சிறப்பாசிரியர் செய்ய வேண்டியதும் சேர்ந்து வந்து விழுந்தது, மூன்று மாத அனுபவமுள்ள சின்ன மேம் தலையில்.

சரி, பிரசங்கம் போதும். என்ன செய்தோம் என்று சொல்கிறேன். இந்த மாதிரி இடத்தில் உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ மாட்டிக்கொண்டிருந்தால் உபயோகப்படலாம்.

மெமோவுக்கு நாலே வரியில் பதில். நடந்தது என்ன, எத்தனை மணிக்கு, அன்றைக்கு அந்தப் பையன் யார் பொறுப்பு என்று எழுத்துபூர்வமான ஏற்பாடு எதுவும் இல்லை, இனி அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும். சீனியர் மேடத்தின் பெயரையே இழுக்கவில்லை. மெமோவுக்குப் பதில் எழுதுவது பேங்கில் ஒரு தனிக் கலை, அதில் மட்டும் நான் தேர்ந்தவன் :-)

அப்புறம் அவளாகவே ஒரு காரியம் செய்தாள். நான் சொல்லவில்லை. நான் சொல்லியிருந்தால் அதையும் கெடுத்திருப்பேன். பிள்ளைகள் போன பிறகு, சீனியர் மேடம் தனியாக நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மேம், அந்த மெயில் அனுப்பினது தப்பு. உங்ககிட்ட முதல்ல பேசியிருக்கணும். அவன் காணாமப் போனதுலேர்ந்து எனக்குத் தூக்கம் வரலை" என்றாளாம். கொஞ்ச நேரம் கழித்து மேடம் சொன்னது: "எனக்கும்."

அதற்கப்புறம்தான் அந்தப் பக்கத்துக் கதையும் வெளியே வந்தது. மூன்று வருஷத்தில் மூன்று கோ-டீச்சர். ஒருவரைக்கூட அவரைக் கேட்டுப் போடவில்லை. ஒவ்வொருவருக்கும் பழக்கிவிடுவதற்குள் போய்விடுகிறார்கள். வருஷ முடிவில் ரிசல்ட் குறைந்தால் கேள்வி அவருக்கு மட்டும். போர்டை அழித்தது திமிரால் இல்லை, பயத்தால். 19 வருஷம் ஆனவருக்கும் பயம் இருக்கும் என்று புதுசாக வருபவர்களுக்குத் தெரிவதில்லை. எனக்கும் தெரியவில்லை, அதனால்தான் அந்த மெயில்.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பக்கத்தில் எழுதினார்கள். சாவி ரிஜிஸ்டர் கதையை நான் சொல்லியிருந்தேன், அதில் பாதி அங்கே போயிருக்கிறது. சாரம் இதுதான்:

1. ஒவ்வொரு பீரியடுக்கும் நடத்துபவர் யார் என்று டைம்டேபிளில் பெயர். கணக்கும் சுற்றுச்சூழலும் வாரத்தில் பாதி நாள் இவள், பாதி நாள் அவர்.

2. நடத்துபவரைப் பிள்ளைகள் முன்னால் திருத்தக் கூடாது. ஏதாவது தப்பாகப் போனால் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுவது. பேச்சு வகுப்புக்கு அப்புறம்.

3. ஒருவர் 'வேண்டாம்' என்றால் இருவரும் 'வேண்டாம்'. பிள்ளை வந்து கேட்டால் முதல் கேள்வி, "இன்னொரு மேம் என்ன சொன்னாங்க?"

4. அந்தப் பையன் எந்த பீரியடில் யார் பொறுப்பு என்று பெயர் எழுதி இருக்கும். அறையை விட்டு வெளியே போகும்போதும் வரும்போதும் வாய்விட்டுச் சொல்லிக் கைமாற்ற வேண்டும். "இப்ப உங்ககிட்ட." "சரி, எங்கிட்ட." பணத்தை எண்ணி வாங்குவது மாதிரி.

5. வெள்ளிக்கிழமை 15 நிமிஷம், இரண்டு பேர் மட்டும், அடுத்த வாரத்துக்கு.

6. பெற்றோர் கூட்டத்தில் இரண்டு பேரும் ஒரே மேசையில். இரண்டு பேரும் பேச வேண்டும்.

இன்னொரு விஷயமும் இவள் தன் டி.எல்.எட். புத்தகங்களைத் தோண்டி எடுத்தாள். அமெரிக்காவில் மர்லின் ஃப்ரெண்ட், லின் குக் என்று இரண்டு பேராசிரியைகள், இரண்டு ஆசிரியர் சேர்ந்து ஒரு வகுப்பை நடத்துவதை ஆறு விதமாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். ஒருவர் நடத்த ஒருவர் கவனித்துக் குறித்துக்கொள்வது, ஒருவர் நடத்த ஒருவர் சுற்றி வந்து உதவுவது, வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரே பாடத்தை இருவரும் நடத்துவது, பிள்ளைகள் குழுகுழுவாக இடம் மாறி மாறி வருவது, பின்தங்கிய சிலரை மட்டும் ஒருவர் தனியாகப் பார்ப்பது, இருவரும் சேர்ந்து ஒரே பாடத்தை நடத்துவது. நம் பள்ளிகளில் நடப்பது இரண்டாவது மட்டும். அதுதான் புதுசாக வருபவரை எப்போதும் எடுபிடி ஆக்குகிறது.

இவர்கள் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டார்கள். 21 பேர் இவளோடு ஜன்னல் பக்கம், 22 பேர் மேடத்தோடு கதவுப் பக்கம். இரண்டு குழுவும் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் சத்தம் கொஞ்சம் தாங்கும். ஐஸ் குச்சி ஒரு பக்கம், நேர் வழி இன்னொரு பக்கம். மறுநாள் குழு மாறும். எந்த வழி சரி என்ற சண்டையே இல்லாமல் போனது. பிள்ளைகளுக்கும் இரண்டு பேருமே டீச்சர்தான் என்று கண்ணால் பார்த்துத் தெரிந்தது. முக்கியமாக, 43 பேரில் காணாமல் போகிற பிள்ளை 21 பேரில் அவ்வளவு எளிதாகக் காணாமல் போக முடியாது.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். பென்சில் பாக்ஸ் இன்னும் பறக்கிறது. ஐந்து நிமிஷம் பதினைந்து ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். போன வாரம்கூட இரண்டு பேருக்கும் ஏதோ டெஸ்ட் பேப்பர் விஷயத்தில் வாக்குவாதம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் அந்த நாளிலும் பையன் யார் கையில் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு அது போதும். இரண்டு பேரும் தோழிகள் ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் பழைய பிராஞ்ச் பெட்டகத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் மெமோ இன்னும் ஃபைலில்தான் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தைப் பிரின்சிபலிடம் காட்டியபோது "வெரி குட்" என்றாராம். பக்கத்து செக்‌ஷன்களிலும் கோ-டீச்சர்கள் இருக்கிறார்கள். அங்கே அந்தக் காகிதம் போகவில்லை. நிர்வாகம் செய்ய வேண்டிய வேலையை இரண்டு பெண்கள் தங்கள் தூக்கத்தைத் தொலைத்துச் செய்திருக்கிறார்கள், அதற்குக் கிடைத்தது ஒரு வெரி குட்.

அதனால் நம்ம ஆட்களிடம் இரண்டே வேண்டுகோள்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது புதுசாக டீச்சராகப் போய், கூட இருப்பவரோடு ஒத்துவரவில்லை என்று அழுதுகொண்டு வந்தால், 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' வேண்டாம். 'மெயில் போடு'வும் வேண்டாம், அது என் பாவத்தோடு போகட்டும். "எது யார் பொறுப்புன்னு எழுதி வெச்சிருக்கீங்களா? இல்லைன்னா அந்த மேடத்துகிட்டயே போய் உட்கார்ந்து எழுது" என்று சொல்லுங்கள்.

அப்புறம் நாம் பெற்றோர்களாகப் பள்ளிக்குப் போகும்போது, வாட்ஸாப் குரூப்பில் 'பெரிய மேம் மோசம், சின்ன மேம் நல்லவங்க' என்று கும்மி அடிப்பதை விட்டுவிட்டு, பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வகுப்புல ரெண்டு டீச்சர் இருக்காங்களே, எந்த பீரியட்ல எங்க பிள்ளை யார் பொறுப்பு? அது எங்க எழுதியிருக்கு?" கொஞ்சம் உரக்கக் கேளுங்கள், பிரின்சிபல் காதில் விழுகிற மாதிரி. ஃபீஸ் கட்டுகிறோம், ரசீது வாங்குகிறோம். பிள்ளையைக் கொடுக்கிறோம், அதற்கும் யார் வாங்கிக்கொண்டார்கள் என்று தெரிய வேண்டாமா?

பி.கு.: சீமந்தத்தில் "அட்ஜஸ்ட்" சொன்ன நாலு பேரில் ஒருவர் என் மேனேஜர். திங்கட்கிழமை லீவு கேட்டிருந்தேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார். பண்ணிக்கொண்டேன். சொல்வது ஊருக்குத்தானே :-)